வடிகால் வெட்டிய வட்டாரம்: கிள்ளான் கற்பிக்கும் புத்தாக்கப் பாடம்



'புத்தாக்கம்' என்னும் சொல் இன்று நம் தமிழ்ப்பள்ளி வளாகங்களில் அன்றாடம் ஒலிக்கின்றது. நம் மாணவச் செல்வங்கள் அனைத்துலகப் புத்தாக்கப் போட்டிகளுக்குச் செல்கின்றனர், பதக்கங்களோடு திரும்புகின்றனர். நாளேட்டில் படம் வெளிவருகின்றது. பள்ளி வாயிலில் பதாகை தொங்குகின்றது. பெருமைப்படத்தக்க செய்திதான், ஐயமில்லை. ஆயினும் ஒரு வினா எழாமல் இருப்பதில்லை. போட்டி முடிந்தபின் அந்தப் புத்தாக்கம் எங்கே போகின்றது? நாம் வாழும் தாமானில், நம் ஊரில், யாருடைய துன்பத்தை அது குறைக்கின்றது?

அரசுகளும் பல்கலைக்கழகங்களும் இதே வினாவை வேறு சொற்களில் கேட்டு வருகின்றன. 'வட்டாரப் புத்தாக்கக் கொள்கை' என்று அதற்குப் பெயர். ஒரு நாட்டின் தலைநகரில் வகுத்த திட்டத்தை எல்லா ஊர்களுக்கும் அப்படியே அனுப்பி வைப்பதைவிட, ஒவ்வொரு வட்டாரமும் தன் சிக்கலைத் தானே ஆராய்ந்து, தன் நிலத்துக்கும் மக்களுக்கும் பொருந்தும் தீர்வைக் கண்டு, அதனைப் பொதுச்செலவில் நடைமுறைப்படுத்துவதே அதன் சாரம். ஐரோப்பிய ஒன்றியம் 2014 தொடங்கிய தன் நிதித் திட்டக் காலத்தில், புத்தாக்கத்துக்கென உதவி பெற விரும்பும் வட்டாரங்கள் தத்தமக்கெனத் தனி உத்தி வகுத்திருக்க வேண்டுமென்று விதித்தது. கேட்பதற்குப் புதுமையாக இருக்கலாம். ஆனால் மேருவில் வாழும் நமக்கு அண்டைப் பட்டணமாகிய கிள்ளானில், நூற்றிருபது ஆண்டுகளுக்கும் முன்னரே இத்தகைய முயற்சி ஒன்று நடந்தேறியது. அதன் வெற்றியிலும் நமக்குப் பாடமுண்டு, குறையிலும் பாடமுண்டு. அவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

காய்ச்சல் பிடித்த பட்டணம்

1901ஆம் ஆண்டு. பிரிட்டிஷாரின் மேலாண்மையில் இருந்த கூட்டு மலாய் மாநிலங்களுள் சிலாங்கூரும் ஒன்று. அவ்வாண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிள்ளான் பட்டணத்தில் வாழ்ந்தோர் 3,576 பேர் மட்டுமே. பட்டணத்தைச் சுற்றிக் காடும் சதுப்பு நிலமும் சூழ்ந்திருந்தன. வீடுகளுக்கு மிக அருகிலேயே நீர் தேங்கிக் கிடந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே, அலையாத்திக் காட்டை அழித்து, ஒரு புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. ஆளுநர் பெயரால் அது சுவெட்டன்ஹாம் துறைமுகம் எனப்பட்டது. இன்று நாம் கிள்ளான் துறைமுகம் என்றழைப்பது அதனைத்தான். 1972இல்தான் அப்பெயர் மாறியது. ஈயமும் வேளாண் விளைபொருள்களும் வெளியே செல்லவும், இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் தொழிலாளர்கள் உள்ளே வரவும் அமைக்கப்பட்ட வாயில் அது.

ஆனால் அவ்வாயிலில் மலேரியா காத்திருந்தது. துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே ஊழியர்களும் தொழிலாளர்களும் கொத்துக்கொத்தாய்க் காய்ச்சலில் விழுந்தனர். கிள்ளான் பட்டணத்திலோ அந்நோய் ஏற்கெனவே குடிகொண்டிருந்தது. 1901ஆம் ஆண்டில் மட்டும் பட்டணத்திலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர் என்று பதிவேடு கூறுகின்றது. அச்சிறிய ஊருக்கு இது எத்துணைப் பெரிய எண்ணிக்கை என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஓர் இளம் மருத்துவரின் முடிவு

அந்த ஆண்டின் தொடக்கத்தில் மாவட்ட மருத்துவராகக் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தவர் மால்கம் வாட்சன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர், அப்போது முப்பது வயதுகூட நிறையாதவர். மலேரியாவைக் கொசு பரப்புகின்றது என்பதை ரொனால்ட் ரோஸ் 1897இல் நம் தாய்த்தமிழகத்துக்கு வடக்கே செகந்திராபாத்தில் கண்டறிந்து நான்காண்டுகளே ஆகியிருந்தன. அதற்காக ரோசுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1902இல்தான். எனவே வாட்சன் கையில் இருந்தது ஒரு புத்தம்புதிய அறிவு. அதனைக் கொண்டு ஓர் ஊரையே காப்பாற்ற முடியுமா என்பது அப்போது எவருக்கும் உறுதியாகத் தெரியாது.

அவர்முன் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, எல்லாருக்கும் கொயினா மருந்து கொடுப்பது. இரண்டு, எல்லாரையும் கொசுவலைக்குள் உறங்கச் செய்வது. மூன்று, கொசு பிறக்கும் நீரையே அகற்றுவது. முதலிரு வழிகளும் ஒவ்வொரு தனிமனிதரின் ஒத்துழைப்பை நம்பியவை; ஒவ்வொரு நாளும் தவறாது செய்யப்பட வேண்டியவை. கூலி வேலை செய்து நெருக்கமாகக் குடியிருந்த ஏழைத் தொழிலாளருக்கு அவை எளிதானவையல்ல. மூன்றாவது வழியோ, ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் பணக்காரர், ஏழை, அறிந்தவர், அறியாதவர் அனைவரையும் ஒருங்கே காக்கக் கூடியது. வாட்சன் மூன்றாவது வழியையே பரிந்துரைத்தார்.

இங்கே ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருத்து ஒருவருடையது, ஆனால் அதனைச் செயலாக்கியது வட்டார நிர்வாகம். சிலாங்கூர் மாநில மருத்துவத் தலைவராக இருந்த டாக்டர் திராவர்ஸ் அதற்கு ஆதரவளித்தார். (பிரிக்பீல்ட்சில் நெடுங்காலமாகத் திராவர்ஸ் சாலை என வழங்கிவந்த சாலை அவர் பெயரால் அமைந்ததே.) பொறியாளர்கள் திட்டம் வரைந்தனர், அரசு பொதுப்பணத்தை ஒதுக்கியது. பட்டணத்தில் காடு வெட்டப்பட்டது; சதுப்பு நிலங்களில் வடிகால்கள் தோண்டப்பட்டன. துறைமுகத்தில் கடல்நீர் ஏறாதபடி கரை எழுப்பப்பட்டு, உள்ளே தேங்கிய நீர் வடிக்கப்பட்டது. மருத்துவம், பொறியியல், நிர்வாகம், நிதி ஆகிய நான்கும் ஒரே ஊருக்காக ஒன்றுசேர்ந்தன. இன்றைய அறிஞர்கள் 'வட்டாரப் புத்தாக்கம்' என்று வரையறுப்பது இதனைத்தான்.

மண்வெட்டி பிடித்துச் சதுப்பில் இறங்கிய தொழிலாளர்களின் பெயர்களை எந்த நூலும் பதிவு செய்யவில்லை என்பதையும் இவ்விடத்தில் நினைவிற்கொள்வோம்.

எண்கள் சொல்லும் இரண்டு கதைகள்

பயன் விரைவிலேயே தெரிந்தது. 1901இல் 368ஆக இருந்த காய்ச்சல் மரணம், அடுத்த ஆண்டே 59ஆகக் குறைந்தது. 1905இல் 45. உலகில் கொசு ஒழிப்பின் வழி மலேரியாவை வென்ற முதல் ஊர்களின் வரிசையில் நம் கிள்ளானும் இடம்பெற்றது. ரொனால்ட் ரோஸ் தம் நூலில் இதனை எடுத்துக்காட்டாகக் காட்டினார். உலகம் கிள்ளானைத் திரும்பிப் பார்த்தது.

இதோடு கதையை முடித்துக்கொண்டால் அது பாடநூல் கதையாகிவிடும். வாட்சன் அதோடு முடிக்கவில்லை என்பதே அவருடைய நேர்மை. பட்டணத்துக்கும் துறைமுகத்துக்கும் வெளியே, கிள்ளான் மாவட்டத்தின் எஞ்சிய பகுதிகளில் என்ன நடந்தது என்பதையும் அவர் அதே அட்டவணையில் பக்கத்திலேயே வைத்தார். அங்கே 1901இல் காய்ச்சலால் இறந்தோர் 266 பேர். 1905இல் 351 பேர்.

உள்ளே குறைந்தது, வெளியே கூடியது. வெளியே என்றால் எங்கே? தோட்டப்புறங்களில். அக்காலத்தில்தான் காப்பித் தோட்டங்கள் ரப்பர் தோட்டங்களாக மாறிக்கொண்டிருந்தன. காடுகள் அழிக்கப்பட்டன. கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டப்பட்டு, கப்பல் கப்பலாக நம் முன்னோர் வந்திறங்கினர். மரண எண்ணிக்கை கூடியதற்கு மக்கள்தொகை பெருகியதும் ஒரு காரணமே. ஆயினும் வடிகால் வெட்டப்பட்ட எல்லைக்குள் இருந்தவன் பிழைத்தான், அதற்குச் சில கல் தொலைவில் லயத்து வீட்டில் இருந்தவன் காய்ச்சலுக்கு இரையானான் என்பது மறுக்கவியலாத உண்மை. ஒரு புத்தாக்கம் எவ்வளவு சிறந்ததாயினும், அதன் எல்லைக் கோட்டை யார் எங்கே வரைகின்றார் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகின்றது.

குழந்தைகளின் வயிற்றில் எழுதப்பட்ட கணக்கு

தோட்டங்களில் நோயின் அளவை எப்படி அறிவது? அங்கே முறையான பதிவேடுகள் குறைவு. காய்ச்சல் வந்தவர் அனைவரும் மருத்துவமனைக்கு வருவதுமில்லை. வாட்சன் ஓர் எளிய வழியைக் கையாண்டார். அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கினால் மண்ணீரல் வீங்கும்; இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே அது கைக்குத் தட்டுப்படும். நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு அவ்வீக்கம் உள்ளதென்று எண்ணினால், அந்தத் தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்பது விளங்கிவிடும்.

ஆசிரியர்களாகிய நாம் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நாளெல்லாம் பிள்ளைகளைக் கணக்கெடுப்பவர்கள் நாம். வருகைப் பதிவு, மதிப்பெண், நலத்திட்டப் பட்டியல் என எத்தனையோ கணக்குகள். அன்றைய தோட்டத்துப் பிள்ளைகளின் உடலே ஒரு பதிவேடாக இருந்தது. பள்ளிக்கூடமே எட்டாத அந்தப் பிள்ளைகள், தாம் அறியாமலேயே ஓர் அறிவியல் உண்மையை நிலைநாட்ட உதவினர்.

அந்த உண்மை இதுதான். காட்டையும் சதுப்பையும் ஒட்டியிருந்த லயங்களில் வீங்கிய மண்ணீரல் கொண்ட குழந்தைகள் மிகுதி. அவற்றிலிருந்து விலக விலக எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஏறக்குறைய அரை மைல், அதாவது 800 மீட்டர் தள்ளியிருந்தால் பாதிப்பு பெரிதும் தணிந்தது. ஆகவே கிள்ளானிலிருந்து காப்பார் வரையுள்ள கரையோரச் சமவெளியில், காட்டை அழித்து, நீரை வடித்து, வீடுகளைக் காட்டிலிருந்து அரை மைல் தள்ளிக் கட்டினாலே போதும் என்ற முடிவு கிடைத்தது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கை, ஒரு குறிப்பேடு, ஒரு நிலப்படம் ஆகியவையே போதுமானவையாக இருந்தன.

ஒரே மருந்து எல்லா நிலத்துக்கும் ஆகாது

இனி வருவதே இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதி. சமவெளியில் வெற்றி பெற்ற இதே முறையை மேட்டு நிலத் தோட்டங்களிலும் கையாண்டனர். காட்டை வெட்டினர், ஓடைகளைத் துப்புரவாக்கினர், திறந்த வடிகால் அமைத்தனர். மலேரியா குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, பல இடங்களில் கூடியது!

காரணம் என்ன? கொசு என்று பொதுவாகச் சொல்லிவிடுகின்றோம். ஆனால் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் கொசுவில் பல இனங்கள் உண்டு. சமவெளிச் சதுப்பில் நோய் பரப்பியது 'அம்புரோசஸ்' என்னும் இனம். அது நிழலை நாடுவது; காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. காட்டை வெட்டி நீரை வடித்தால் அது மறைந்துவிடும். குன்றுப் பகுதியில் நோய் பரப்பியதோ 'மேக்குலேட்டஸ்' என்னும் இனம். அது வெயிலை நாடுவது. குன்றிலிருந்து கசிந்தோடும் தெளிந்த நீரில் பெருகுவது. காடு இருந்தவரை அதற்கு இடமில்லை. காட்டை வெட்டி, ஓடையில் வெயில் விழச் செய்தபோது, மனிதனே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்துவிட்டான். இவற்றுக்கு அப்பால், கடலோரத்தின் உவர்நீரில் பெருகும் மற்றோர் இனமும் உண்டு.

நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய மரமும் பறவையும் தொழிலும் வாழ்க்கையும் வேறு வேறு என்று கண்டது நம் மரபு. கொசுவுக்கும் திணையுண்டு என்பதைக் கிள்ளான் மாவட்டம் உலகுக்குக் காட்டியது! மருதத்தின் மருந்து குறிஞ்சியில் நஞ்சானது.

எனவே குன்றுப் பகுதிக்கு வேறு வழி தேடினர். ஓடைகளையும் நீர்க்கசிவுகளையும் நிலத்தடிக் குழாய்களுக்குள் செலுத்தி, மேலே வெயில் படும் நீரே இல்லாமல் செய்தனர். பத்து தீகா பக்கம் இருந்த சீஃபீல்ட் தோட்டம் இம்முறை கையாளப்பட்ட முக்கிய இடங்களுள் ஒன்று. அத்தோட்டம் இருந்த நிலம் இன்று யூஎஸ்ஜே குடியிருப்புப் பகுதியாக நிற்கின்றது. குழாய் பதிக்க இயலாத இடங்களில் நீரின் மேல் எண்ணெய் தெளித்துக் கொசுப்புழுக்களை அழித்தனர். பனாமாக் கால்வாய்ப் பணியின்போது அமெரிக்கர் மேற்கொண்ட கொசு ஒழிப்பு முறைகளிலிருந்தும் அவர்கள் கற்றுக்கொண்டனர். வெளியிலிருந்து கற்றதைத் தம் நிலத்துக்கேற்ப மாற்றிக்கொண்டனர். பின்னர் இங்கிருந்து மற்றவர் கற்றனர். அக்காலத்தில் டச்சு ஆட்சியில் இருந்த இந்தோனேசியாவில் ஸ்வெல்லன்கிரேபல் என்னும் அறிஞர், நோய் பரப்பும் இனத்தை மட்டும் குறிவைத்து ஒழிக்கும் முறையை வளர்த்தெடுக்க வாட்சனின் பணியே முன்மாதிரியாயிற்று.

யாருக்காகச் செய்தார்கள்?

1911இல் கூட்டு மலாய் மாநிலங்களில் மலேரியா ஆலோசனை வாரியம் அமைக்கப்பட்டது. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு தோட்ட முதலாளிகளின் கடமைகளை வரையறுத்தது. கொசுவுக்குத் தோட்ட எல்லை தெரியாது. ஒரு தோட்டம் வடிகால் வெட்டி, அடுத்த தோட்டம் வெட்டாமல் விட்டால் இருவருக்குமே பயனில்லை. தனித்தனி முதலாளிகளின் விருப்பத்துக்கு விடாமல், பொது விதி ஒன்று வேண்டும் என்பதை ஆட்சியாளர்கள் மெல்ல உணர்ந்தனர்.

ஆனால் இந்த அக்கறைக்குப் பின்னால் இருந்த கணக்கையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒரு தொழிலாளியைக் கடல் கடந்து கொண்டுவர முதலாளிக்குச் செலவு உண்டு. வந்தவன் காய்ச்சலில் படுத்தால் பால்வெட்டு நின்றுவிடும். இறந்தால் மீண்டும் ஆள் திரட்ட வேண்டும். வடிகால் வெட்டும் செலவு அதனினும் குறைவு என்று தெரிந்தபோதுதான் பல தோட்டங்கள் அசைந்தன. அந்தத் தொழிலாளியிடம் எவரும் எதனையும் கேட்கவில்லை. எங்கே குடியிருக்க விரும்புகின்றாய், உன் பிள்ளைக்கு எது வேண்டும் என்று அவனிடம் வினவியவர் இல்லை. அவனுடைய உடல்நலம் உற்பத்திக் கணக்கின் ஒரு வரியாக மட்டுமே இருந்தது. நலம் கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை. இதனைச் சொல்வதால் வாட்சனின் பெருமை குறைந்துவிடாது. 1924இல் சர் பட்டம் பெற்று, 1955இல் மறைந்த அவர் எண்ணற்ற உயிர்களைக் காத்தவர். ஆயினும் மக்களைப் பங்காளிகளாகக் கருதாத கொள்கை பாதிக் கொள்கையே என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு

காலம் உருண்டது. விடுதலைக்குப் பின் 1967இல் தேசிய அளவிலான மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா நேர்வு மலேசியாவில் பதிவாகவில்லை. (குரங்குகளிடமிருந்து தொற்றும் மலேரியா மட்டும் இன்றும் உண்டு.) தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல வீடமைப்புப் பகுதிகளாயின. நம் மக்களில் பலர் லயத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். கிள்ளானும் 2024 பிப்ரவரியில் மாநகராகத் தகுதி உயர்ந்தது.

கொசு மட்டும் நம்மை விடவில்லை. இனம் மாறி வந்தது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு சதுப்பையும் ஓடையையும் தேடுவதில்லை. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், குளியலறைத் தொட்டி, கூரைத் தகட்டின் பள்ளம் ஆகியவையே அதற்குப் போதும். நாட்டில் டிங்கி நேர்வுகள் மிகுதியாகப் பதிவாகும் மாநிலமாகப் பல ஆண்டுகளாகவே சிலாங்கூர் இருந்து வருகின்றது. வாட்சனின் வடிகால் இதற்கு உதவாது. புதிய திணைக்குப் புதிய மருந்து வேண்டும்.

அம்மருந்தைத் தேடும் பணியும் இங்கேயே நடந்தது. 1900இல் கோலாலம்பூரில் தோற்றுவிக்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து, 2017 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் ஆய்வை மேற்கொண்டது. வொல்பாக்கியா என்னும் நுண்ணுயிரைத் தன்னுள் கொண்ட ஏடிஸ் கொசு, டிங்கிக் கிருமியை எளிதில் பரப்புவதில்லை. அத்தகைய கொசுக்களை வளர்த்துக் குடியிருப்புப் பகுதிகளில் விடுவித்தால், அவை மற்றக் கொசுக்களோடு கலந்து பெருகி, நோய் பரவுவதைக் குறைக்கும். ஆஸ்திரேலியாவின் கேர்ன்ஸ் நகரில் 2011இல் இம்முறை தொடங்கப்பட்டபோது வொல்பாக்கியாவின் ஒரு வகை பயன்பட்டது. நம் நாட்டின் கொதிக்கும் வெயிலில், சிறு பாத்திரங்களில் தேங்கிய நீர் சூடேறும்போது அவ்வகை வலுவிழக்கும். எனவே வெப்பத்தைத் தாங்கும் வேறொரு வகையை இங்குள்ள ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தனர். ஆய்வு நடந்த இடங்களில் டிங்கி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததென 2019இல் முடிவு வெளியானது. அதே ஆண்டு சுகாதார அமைச்சு அதனை நடைமுறைத் திட்டமாக ஏற்றுக்கொண்டது.

பாருங்கள்! நூறாண்டு இடைவெளியில் அதே பாடம் திரும்பி வந்துள்ளது. வெளியிலிருந்து அறிவைப் பெறலாம்; ஆனால் நம் நிலம், நம் வெயில், நம் நீர் ஆகியவற்றில் வைத்துச் சோதித்த பின்னரே அது நமதாகின்றது. ஒரு வேறுபாடும் உண்டு. இம்முறை, கொசுவை விடுவிக்கும் முன் குடியிருப்பாளர்களுக்கு விளக்கமளித்து, அவர்களின் ஒப்புதல் பெறப்பட்டது. கேட்கப்படாதவராக இருந்த தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் இன்று கேட்கப்படுகின்றனர். இந்த மாற்றம் சிறியதன்று.

நம் பள்ளிகள் என்ன செய்யலாம்?

நூற்றுக்கு நாற்பது குறைந்தது என்றால் அறுபது எஞ்சியுள்ளது என்பதே பொருள். எஞ்சியதை ஆய்வகம் மட்டும் தீர்த்துவிட முடியாது. அங்கேதான் பள்ளிக்கும் பெற்றோருக்கும் பணியுண்டு.

முதலாவது, புத்தாக்கத்தைப் பொருளிலிருந்து தொடங்காமல் சிக்கலிலிருந்து தொடங்குவோம். 'என்ன செய்து பதக்கம் வாங்கலாம்?' என்று கேட்பதற்கு முன், 'நம் பள்ளியைச் சுற்றி அரை மைலுக்குள் மக்களை வருத்துவது எது?' என்று மாணவர்களைக் கேட்கச் செய்வோம். கொசுவாக இருக்கலாம், வெள்ளமாக இருக்கலாம், குப்பையாக இருக்கலாம். 2021 டிசம்பர் வெள்ளத்தைக் கிள்ளான் வட்டாரம் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது, எண்ணக் கற்பிப்போம். ஆண்டு நான்கு, ஐந்து மாணவர்கள் பள்ளி வளாகத்தின் நிலப்படத்தைத் தாமே வரையட்டும். வாரம் ஒருமுறை, ஆசிரியர் துணையோடு சுற்றி வந்து, நீர் தேங்கும் இடங்களைக் குறிக்கட்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவேதான் வாரம் ஒருமுறை என்பது கணக்கு. நீரைத் தொட வேண்டியதில்லை. பார்த்துக் குறித்தால் போதும். பத்து வாரம் கழித்து அந்நிலப்படம் ஒரு கதை சொல்லும். அறிவியல், கணிதம், நிலவியல், மொழி ஆகிய நான்கு பாடங்களும் அதனுள் அடங்கிவிடும்.

மூன்றாவது, கண்டதைக் கொண்டு சேர்ப்போம். மாணவர் தயாரித்த அறிக்கையைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழி மாநகர் மன்றத்துக்கும் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் அனுப்புவோம். பதில் வருகின்றதா என்று பிள்ளைகளோடு சேர்ந்து காத்திருப்போம். வராவிட்டால் மீண்டும் எழுதக் கற்பிப்போம். வாட்சனின் கருத்து பொறியாளரையும் நிதி ஒதுக்குவோரையும் எட்டியிராவிடில், அது ஒரு குறிப்பேட்டிலேயே உறங்கியிருக்கும். கண்டுபிடிப்பவருக்கும் முடிவெடுப்பவருக்கும் இடையே உள்ள பாதையை நம் பிள்ளைகள் இளமையிலேயே நடந்து பழக வேண்டும்.

நான்காவது, எல்லைக் கோட்டுக்கு வெளியே பார்க்கச் சொல்வோம். ஒவ்வொரு திட்டத்தின் முடிவிலும், 'இதன் பயன் யாருக்குக் கிட்டவில்லை?' என்ற வினாவைக் கட்டாயமாக்குவோம். 1905ஆம் ஆண்டின் 45க்குப் பக்கத்தில் 351ஐயும் எழுதி வைத்த அந்த மருத்துவரின் நேர்மை, எந்தப் பதக்கத்தினும் உயர்ந்த கல்வி.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து, பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்து வைக்கும்படி சொன்னால், அதனை விளையாட்டென்று எண்ணிவிடாதீர்கள். இந்த மண்ணில் மலேரியாவுக்குத் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களின் வழியில் வந்தவர்கள் நாம். அத்தாய்மார்களுக்குக் கிட்டாத அறிவு இன்று நம் பிள்ளைகளின் கையில் இருக்கின்றது. அதனை அவர்கள் தங்கள் சொந்த ஊருக்குப் பயன்படுத்துவார்களாயின், அதுவே சிறந்த புத்தாக்கம்.

தங்கள் பள்ளிகளில் இத்தகைய முயற்சிகள் நடந்திருப்பின் பகிர்ந்து கொள்ளுங்கள். பிறருக்கும் அது வழிகாட்டியாக அமையும். சிந்திப்போம், செயல்படுவோம்.